ஜீவகாருண்யமும் ஜாக்கிரதையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் சென்னை நகரில் வருஷந்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. தெருவில் முழங்கால் அளவு ஜலம் நிற்கிறது. மாடிப்படியின் அடியிலோ, வண்டி நிறுத்தும் கொட்டகையின் மூலையிலோ, நனைந்து நடுநடுங்கிக்கொண்டு ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ ஒண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுமுறையாதலால் குழந்தைகள்தான் அதை முதலில் கண்டுபிடிக்கிறார்கள். தாயார் தயங்குகிறாள், தகப்பனார் முகத்தைச் சுளிக்கிறார், குழந்தைகளின் கண்களில் நீர் ததும்புகிறது. கடைசியில் பெரியவர்கள் மனம் இளகி, ‘ஒரு ராத்திரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்கிறார்கள். பழைய துண்டு ஒன்று வருகிறது. கிண்ணத்தில் பால் வருகிறது. வீட்டிலே ஏற்கெனவே வளரும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து புதிய விருந்தாளியை முகர்ந்து பார்க்கிறது. 2015-ம் வருஷம் டிசம்பரில் நகரத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோதும் இவ்விதம் கதவு திறந்த வீடுகள் பல. மறுநாளோ அதற்கு மறுநாளோ மழை விடுகிறது. விருந்தாளியும் தெருவுக்குத் திரும்பிவிடுகிறது. விஷயம் அத்துடன் முடிந்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள்.

இந்தத் தயை நம் ஜனங்களிடம் இருப்பது குறித்து நாம் பெருமையே கொள்கிறோம். வாயில்லாப் பிராணி மழையில் விறைத்துச் சாவதைப் பார்த்துக்கொண்டே கதவைத் தாழிட்டு உறங்கக்கூடிய மனிதன், அண்டை வீட்டான் துன்பத்தையும் அவ்விதமே பார்த்துக்கொண்டிருப்பான். ஆகவே, அடைக்கலம் கொடுப்போருக்கு விரோதமாக நாம் எழுத வரவில்லை. ஆனால் ‘ஒரு ராத்திரிதானே’ என்ற அந்த இரண்டு சொற்களில் ஒரு பிசகான தர்க்கம் ஒளிந்திருக்கிறது. தங்கும் காலம் கொஞ்சமாயிருந்தால் அபாயமும் கொஞ்சமாகவே இருக்கும் என்பது அந்தத் தர்க்கம். நோய்க் கிருமிகள் இந்தக் கணக்கை அறியமாட்டா. நோயை வாங்கிக்கொள்ள ஒரு ராத்திரி போதும். நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு ராத்திரி போதாது. இன்று நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்பும் விஷயம் இது ஒன்றே. இதை மனத்தில் பதித்துக்கொண்டால், தயையையும் கைவிட வேண்டாம், குடும்பத்தையும் அபாயத்துக்கு உள்ளாக்க வேண்டாம்.

முதலில் எல்லாவற்றினும் கொடிதான நோயை எடுத்துக்கொள்வோம். ரேபீஸ் என்னும் வெறிநாய் நோய் உமிழ்நீர் வழியாகப் பரவுவது. கடித்த காயம், நகம் கீறிய இடம், முன்பே புண்ணாயிருந்த தோலில் நக்கிய நக்கு, கண்ணிலும் வாயிலும் பட்ட எச்சில் ஆகிய இவ்வழிகளில் அது மனித உடலுக்குள் பிரவேசிக்கிறது. பிரவேசித்த கிருமி நரம்பு வழியாக மெள்ள ஏறி மூளையை அடைகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். ஒரு வாரத்திலும் நேரலாம், ஒரு வருஷம் கழித்தும் நேரலாம். மூளையை அடைந்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலைமை வந்துவிட்டால், அதன் பிறகு வைத்தியம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இது நாயின் மூலமாகவே வருகிறது. இறப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் அவர்கள்தாமே!

‘வெறி பிடித்த நாயை யாராவது வீட்டுக்குள் அழைப்பார்களா?’ என்று நேயர் கேட்கலாம். வெறி என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கும் நாயை மட்டுமே நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்நோய்க்கு மற்றொரு ரூபமும் உண்டு. அந்த ரூபத்தில் நாய் எவரையும் துரத்துவதில்லை. சோர்ந்து, இருட்டான மூலையைத் தேடிப் படுக்கிறது. கீழ்த்தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வடிகிறது. பார்க்கிறவர்கள் தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதோ என்று பரிதாபப்பட்டு வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறார்கள். பசியாலும் குளிராலும் வாடுவதாக நாம் நினைக்கும் பிராணியிடத்தில் இருப்பது இந்த நோயாகவும் இருக்கலாம். நமது தயையை எது தூண்டுகிறதோ அதுவே அபாயத்தின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதைக் காட்டிலும் கொடிய முரண்பாடு வேறென்ன? குட்டிதானே என்று அசட்டை செய்வதற்கும் இடமில்லை. குட்டிகளுக்கும் இந்நோய் வரும், பூனைக்கும் வரும். நாய்க்குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி சாதாரணமாக மூன்றாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. தெருவில் பிறந்த இரண்டு மாதக் குட்டிக்கு யார் ஊசி போட்டிருப்பார்கள்?

இதில் இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. நோயின் அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில தினங்கள் முன்பிருந்தே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடுகிறது. அதனால்தான், நாயோ பூனையோ கடித்தால் அந்தப் பிராணியைப் பத்து நாட்கள் கண்காணிக்க வேண்டும் என்று வைத்தியர்கள் விதித்திருக்கிறார்கள். பத்து நாளும் அது ஆரோக்கியமாக இருந்துவிட்டால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று நிச்சயிக்கலாம். அடைக்கலம் கொடுத்த வீட்டில் நடப்பதென்ன? இரவில் குட்டி குழந்தையின் விரலைச் செல்லமாகக் கடிக்கிறது. காலையில் மழை விட்டதும் அதைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அதைத் தேடினால் கிடைப்பதில்லை. கடிபடும் அளவுக்குப் பழக்கம் உண்டு. அறிந்துகொள்ளும் அளவுக்கு அவகாசம் இல்லை. ஆகையால் குறுகிய கால அடைக்கலம் அபாயம் குறைந்தது என்ற எண்ணத்தை நேயர்கள் அறவே விட்டுவிட வேண்டும்.

கடியோ கீறலோ ஏற்பட்டால் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நலம். உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற நீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை சோப்பினால் சிதைந்துபோகக் கூடியது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி முதலிய எதையும் அப்பலாகாது. அவை காயத்தைக் கெடுத்துக் காலத்தையும் வீணாக்குகின்றன. கழுவியவுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். முழுத் தோலின்மேல் நாய் நக்கியது மட்டுமானால் கழுவிவிடுவதே போதும். இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி அவசியம். தோலைத் துளைத்த கடிக்கும், இரத்தம் வந்த கீறலுக்கும், புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்ட எச்சிலுக்கும் தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரதமும் அவசியம். அதைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ம் நாட்களில் மறுபடியும் போட வேண்டும். இரண்டு ஊசியுடன் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று நின்றுவிடுவது, ஆற்றின் நடுவில் ஓடத்தை விட்டு இறங்குவதற்கு ஒப்பானது. நாயைக் கண்காணிக்கிறோம் என்ற சாக்கில் முதல் ஊசியை ஒத்திப்போடுவதும் கூடாது. ஊசி ஒருபுறம், கண்காணிப்பு ஒருபுறம் என்பதே சரியான முறை.

நமது பாட்டனார் காலத்தில் இந்த வசதி எங்கே இருந்தது? 1885-ம் வருஷம் ஜூலையில் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் மேதை, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்தார். அச்சிறுவன் பிழைத்தான். நமது தேசத்தில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் ஏற்பட்டன. அக்காலத்தில் தெற்கே நாய்க்கடிபட்டவர்கள் ரயிலேறி, மலை ஏறி, குன்னூரில் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். வயிற்றைச் சுற்றிப் பல நாட்கள் போட்ட அந்த ஊசிகளின் வலியைப் பற்றி இன்றும் முதியவர்கள் சொல்லக் கேட்கிறோம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து இந்த நூற்றாண்டின் துவக்கத்தில் கைவிடப்பட்டது. இப்போது கையில் போடும் ஊசி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. சாவு நிச்சயமான நோய்களில், கடிபட்ட பிறகும் தடுத்துவிடக்கூடிய நோய் இது. இத்தனை வசதி இருந்தும் ஒரு குழந்தை இறக்குமானால் அதை விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

மனிதருடைய சங்கதி இவ்விதமிருக்க, அவ்வீட்டில் ஏற்கெனவே வளரும் பிராணிகளின் கதி என்ன? இதைப் பற்றி யோசிப்பவர்கள் மிகவும் சிலர். 1978-ம் வருஷத்தில் நாய்களிடையே ‘பார்வோ’ என்னும் புது வைரஸ் நோய் தோன்றி, இரண்டே வருஷங்களில் உலகமெங்கும் பரவிற்று. குட்டிகளைக் குடல் வெந்ததுபோல் இரத்தபேதியாலும் வாந்தியாலும் சில தினங்களில் கொன்றுவிடுவது அது. தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும். ஆதலால் முதல் ராத்திரி துள்ளி விளையாடும் குட்டி நாலாம் நாள் நோயாளியாகலாம். அதற்குள் அது தெருவுக்குப் போய்விட்டிருக்கும். ஆனால் அதன் மலத்தில் வந்த கிருமி போவதில்லை. தரையிலும் மண்ணிலும் துணியிலும் மாதக்கணக்காக அது உயிரோடிருக்கும். சாதாரணமாக நாம் தெளிக்கும் பினாயிலை நம்பி அதை ஒழித்துவிட்டதாக நினைக்கலாகாது. அதோடு பினாயில் பூனைகளுக்கு விஷமுமாகும். தரையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவியபின், வெளுப்புக்கு உபயோகிக்கும் குளோரின் திரவத்தை நீரில் கலந்து ஊறவிட்டால்தான் அது சாகும். பூனைகளுக்கும் இதன் இனத்தைச் சேர்ந்த கொள்ளைநோய் ஒன்று உண்டு. அதுவும் வீட்டில் ஒரு வருஷம் வரையில் தங்கக்கூடியது. விருந்தாளி போய்விட்டான்; அவன் மூட்டை மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் அதே வீட்டுக்குப் புதிதாக வாங்கிவரும் குட்டி அந்த மூட்டையை அவிழ்த்துவிடுகிறது.

‘டிஸ்டெம்பர்’ என்னும் நோய் தும்மலாலும் மூச்சினாலும் பரவுவது. அறிகுறி தோன்ற ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிவதோடு சரி. மழையில் நனைந்த ஜலதோஷம் என்று நினைக்கத் தோன்றும். பிறகு இழுப்பும் வலிப்பும் காண்கின்றன. இந்நோயின் கொடுமைக்கு ஒரே ஒரு திருஷ்டாந்தம் சொல்வோம். 1994-ல் ஆப்பிரிக்காவிலுள்ள செரெங்கெட்டி வனத்தில் இது புகுந்து, அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. அக்கம்பக்கத்துக் கிராமங்களின் நாய்களிடையே இருந்த கிருமி சிங்கங்களையே வீழ்த்துமாயின், தடுப்பூசித் தவணை முடியாத வீட்டுக்குட்டி எம்மாத்திரம்? பார்வோவும் டிஸ்டெம்பரும் மனிதர்களைப் பற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் நம்மையே நம்பியிருக்கும் பிராணியை, வேறொரு பிராணியிடம் காட்டிய தயையின் பேரில் பலி கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? இவற்றோடு உண்ணிகளும் வருகின்றன. நாயுண்ணி ஒன்று சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதிலிருந்து வரும் உண்ணிக்காய்ச்சல் சென்னையில் நாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்த துன்பம்.

இன்னும் சில்லறை நோய்களும் உள்ளன. அவற்றையும் அளவறிந்து சொல்ல வேண்டும். பூனைக்குட்டியின் மயிரில் கண்ணுக்குப் படாமல் இருக்கும் பூஞ்சை குழந்தைகளின் உடம்பில் படர்தாமரையாகப் படரும். சொறிநாயைத் தூக்கியவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் அரிப்பு உண்டாகும். அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நாய்க்குட்டியின் மலத்திலுள்ள வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்தபின், மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் செல்கின்றன. சில சமயம் கண்ணைக் கூடக் கெடுக்கின்றன. எலிக்காய்ச்சல் என்று பெயர் பெற்ற நோயின் கிருமி எலியின் மூத்திரத்தில் மட்டுமின்றி நாயின் மூத்திரத்திலும் வரும்; வெள்ளக் காலத்தில் அதற்கு அனுகூலம் அதிகம். கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் ‘டாக்சோபிளாஸ்மா’ என்பது பூனையின் மலத்தில் வெளிப்பட்டாலும், ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் தன்மை அடைகிறது. மேலும், நன்றாக வேகாத மாமிசத்தின் வழியாகவும் அது மனிதரை அடைகிறது. ஆகவே கர்ப்பிணி இருக்கும் வீட்டிலிருந்து பூனையைத் துரத்த வேண்டுமென்பதில்லை. மலத்தை நாள் தவறாமல் மற்றொருவர் அகற்றினால் போதும். ஆனால் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், தள்ளாத முதியவர்கள், புற்றுநோய் முதலியவற்றுக்காக உடல் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் இருக்கும் வீட்டில், முன்பின் அறியாத பிராணியை உள்ளே அழைக்குமுன் இரண்டு தரம் யோசிப்பது அறிவுடைமை.

அப்படியானால் மழையில் நடுங்கும் குட்டியை என்னதான் செய்வது? முதலாவதாக, அதற்கு உண்மையிலேயே நம் உதவி தேவையா என்று பார்க்க வேண்டும். இரை தேடப் போன தாய் சற்று நேரத்தில் திரும்பி வரலாம். தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பது உதவியாகாது. உதவி தேவையெனில் அதன் பக்கத்தில் குழந்தைகளை அனுப்பாமல் பெரியவர் ஒருவர் மட்டும், கையுறையோ தடித்த துணியோ கொண்டு, அதை ஒரு பெட்டியில் ஏற்ற வேண்டும். வீட்டுப் பிராணிகள் வராத குளியலறையோ, கதவுள்ள தாழ்வாரமோ அதற்கு இடமாகட்டும். அதற்கென்று தனிக் கிண்ணம், தனித் துணி, தனித் துடைப்பம். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும். வெதுவெதுப்பும் சுத்த ஜலமும் முதலில் வேண்டியவை. கவனிக்கிறவர் தம் வீட்டுப் பிராணிகளுக்குச் செய்ய வேண்டியதை முன்னதாக முடித்துக்கொண்டு கடைசியில் புதிய விருந்தாளியிடம் செல்ல வேண்டும். வெளியே வந்ததும் சோப்பினால் கைகால் கழுவி உடையை மாற்றிக்கொள்ள வேண்டும். மறுநாளே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் மற்றப் பிராணிகளோடு சேர்த்து வளர்க்க உத்தேசமானால் இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி இவ்விதத் தொண்டு செய்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது உத்தமம். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, வீட்டுப் பிராணிகளின் ஊசித் தவணை தவறாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்ய வசதியில்லாதவர், வாசலில் மழை படாத இடத்தில் ஒரு சாக்கையும் ஒரு கிண்ணம் ஜலத்தையும் வைத்துவிட்டு, மிருகரக்ஷைச் சங்கத்தாருக்குத் தகவல் சொல்வாரானால் அதுவும் புண்ணியமே.

‘தர்மத்துக்குச் செய்யும் காரியத்தில் இத்தனை சட்டதிட்டமா?’ என்று சிலர் சலித்துக்கொள்ளக்கூடும். வழக்கறிஞர் தொழிலில் பழகிய நாம் ஒன்று சொல்வோம். பிறர் பொருளைப் பாதுகாப்புக்காகப் பெற்றுக்கொண்டவன், சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும் என்று 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு விதிக்கிறது. கூலி வாங்காமல் உபகாரமாகச் செய்தேன் என்பதால் அந்தக் கவனத்தின் அளவு குறைவதில்லை. தெருக்குட்டி பாதுகாப்புக்கு ஒப்படைத்த பொருளல்லதான்; ஆனாலும் அச்சட்டத்தின் உள்ளுறையான நியாயம் இங்கும் செல்லும். உபகாரம் செய்ய வேண்டுமென்று எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் செய்ய முற்பட்டவன் கவனத்தோடு செய்யக் கடமைப்பட்டவன். மேலும், தன் வசமுள்ள பிராணியினால் மனித உயிருக்கு நேரக்கூடிய அபாயத்தைத் தடுக்கத் தக்க ஏற்பாடு செய்யாமல் அசட்டையாயிருப்பது குற்றம் என்று 1860-ம் வருஷத்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையிலும் 291-வது பிரிவாக அது தொடர்கிறது. தயாளர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. நாம் உள்ளே அழைத்த பிராணிக்கு, அது உள்ளே இருக்கும் வரையில், நாமே பொறுப்பாளிகள் என்பதை நினைவூட்டவே சொல்கிறோம்.

இந்தப் பொறுப்பைப் பற்றி மகாத்மா காந்தி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தயங்காமல் எழுதினார். 1926-ல் ஆமதாபாத் நகரில் ஒரு மில் முதலாளி தமது ஆலை எல்லையில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். அது குறித்து எழுந்த விவாதத்தில் மகாத்மா ‘யங் இந்தியா’ பத்திரிகையில் பல கட்டுரைகள் எழுதி, அஹிம்சாவாதிகள் பலருடைய கோபத்துக்கும் ஆளானார். நாதியற்று அலையும் நாய் அந்தச் சமூகத்தின் அசட்டைக்கு அத்தாட்சி என்பதும், ஒரு கவளத்தை எறிந்துவிட்டு அகன்றுவிடுவது உண்மையான தயையாகாது என்பதும் அவர் கருத்தின் சாரம். கொல்லுதல் பற்றி அன்று அவர் ஒப்பியதை இன்றைய சட்டம் ஒப்பவில்லை. நாமும் அதை வேண்டவில்லை. ஆயினும் பொறுப்பை ஏற்காத தயை பாதித் தயையே என்ற அவருடைய நியாயம் இன்றும் அசையாமல் நிற்கிறது.

ஆனால் பொறுப்பையெல்லாம் குடும்பத்தின் தலையில் சுமத்திவிட்டுச் சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் சும்மா இருக்க நாம் விடப்போவதில்லை. 2023-ம் வருஷத்திய பிராணிகள் கருத்தடை விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. 2025 ஆகஸ்டு 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் டில்லிப் பிரதேசத்து நாய்களைக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டனர். அதே மாதம் 22-ம் தேதி அதைத் திருத்தி, ஊசியும் கருத்தடையும் முடிந்த நாய்களை அவற்றின் இடத்திலேயே விடலாமென்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் அவ்விதம் விடலாகாதென்றும் கூறினர். இந்த வழக்கினால் தேசமெங்கும் வாக்குவாதம் மூண்டது. நாய்ப் பிரியர் ஒரு கட்சி, நாய்க்கு அஞ்சுவோர் ஒரு கட்சி என்று ஜனங்கள் பிரிந்து சச்சரவிட்டனர். இரு கட்சியாரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தெருவிலுள்ள ஒவ்வொரு நாய்க்கும் வருஷந்தோறும் வெறிநோய் ஊசி போடப்படுகிறதா? அது நடந்துவிட்டால், மழை ராத்திரியில் கதவைத் திறக்கும் தாயாரின் பயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஆகையால் நாம் கோருவன நான்கு. மழைக்காலத்திலாவது மண்டலத்துக்கு ஒன்றாக, நோயுள்ளதையும் இல்லாததையும் தனித்தனியே வைக்கக்கூடிய தாற்காலிகக் காப்பகம் ஒன்றை நகரசபைகள் ஏற்படுத்த வேண்டும். நள்ளிரவில் ஒரு குட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு அதுவே விடை. 1903-ல் வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி கண்ட இம்மாநிலத்தில், புயல் காலத்தில் இரவு நேரத்துக் கால்நடை வைத்தியம் ஏழைக்கும் எட்டும்படி செய்ய வேண்டும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரத மருந்தும் எந்நாளும் கையிருப்பில் இருக்க வேண்டும்; ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று திருப்பியனுப்பும் ஒவ்வொரு மணியும் கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளத்தைத் தின்பதோடு, அவன் மறுதவணைக்கு வராமற்போவதற்கும் காரணமாகிறது. நான்காவதாக, எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் குழந்தைகளுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும்: நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது.

இந்தக் கடைசிப் பாடம் பெற்றோருக்கும் உரியது. அப்பா அடிப்பார், அம்மா கோபிப்பாள், குட்டியைத் துரத்திவிடுவார்கள் என்றெல்லாம் அஞ்சிக் குழந்தைகள் கீறலை மறைக்கின்றன. சின்னஞ்சிறு கீறல் நாலு நாளில் ஆறியும் போகிறது. மாதங்கள் சென்று, அந்தக் குழந்தை தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிடும்போதுதான் பெற்றோர் பழைய கதையைக் கேட்கிறார்கள். அப்போது எந்த வைத்தியரால் என்ன செய்ய முடியும்? ஆகவே குட்டியை வீட்டுக்குள் விட்ட அன்றே குழந்தையை மடியில் உட்கார்த்திவைத்து, ‘அது கடித்தாலும் கீறினாலும் என்னிடம் சொல், உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன்’ என்று வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கு எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

அடைக்கலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவு வருவது சிபிச் சக்கரவர்த்தியின் கதை. புறாவைக் காப்பதற்காக அவன் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான். தன் குழந்தையின் தசையையோ அடுத்த வீட்டுக் குழந்தையின் தசையையோ வைக்கவில்லை. தயையின் விலையைத் தயை செய்கிறவனே கொடுக்க வேண்டும் என்பதே அக்கதையின் தாத்பரியமென்று நாம் கொள்கிறோம். மழைக்காலத்து அடைக்கலத்தின் விலையோ மிகவும் சொற்பம். சாத்திய கதவு ஒன்று, சோப்புக்கட்டி ஒன்று, தவணை தவறாத ஊசி, மறுநாள் காலையில் வைத்தியரிடம் ஒரு நடை. இந்த விலையைக் கொடுக்கச் சித்தமாயிருப்பவர் தாராளமாகக் கதவைத் திறக்கட்டும். ஆனால் ‘ஒரு ராத்திரிதானே’ என்று சொல்லிக்கொண்டு திறக்க வேண்டாம்.